ஆறு படி கீழே

கதவைச் சாத்திவிட்டு வாருங்கள் சார். முழுவதும் சாத்துங்கள். அது மழையில் ஊறி உப்பிக் கிடக்கிறது, அடியில் காலால் ஒரு உதை கொடுத்தால்தான் மூடும். ஆ, அவ்வளவுதான்.

ஜிப் போய்விட்டதா? காட்டுங்கள். ரன்னரை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பல்லே நாலைந்து போயிருக்கிறது. முழுசாகப் பிரித்து வேறு ஜிப் வைக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். உங்கள் பஸ் எத்தனை மணிக்கு? பன்னிரண்டரை திருச்சி பஸ்ஸா? அப்படியென்றால் உட்காருங்கள். ஜெர்கினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடுங்க வேண்டாம், அந்த ஆணியில் ஒரு கோட்டு தொங்குகிறது, எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தைக்கக் கொடுத்தவர் வாங்க வரவே இல்லை. மூன்று வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கோட்டுதான்.

அந்தச் சுவரில் மட்டும் சாயாதீர்கள். சாயாதீர்கள் என்றேனே! பார்த்தீர்களா, ஐஸ் மாதிரி இல்லை? ஒரு காலத்தில் அதே சுவரில் ஈரத் துணியை விரித்து ஒட்டினால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். சொன்னால் நம்ப மாட்டீர்கள். இப்போது மீன் வாங்கி வைத்தால் கெடாது.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் மேலே ஏறி வருகிற வழியில் பேக்கரியை ஒட்டிக் கீழே இறங்குகிற படி இருக்கிறதே, ஆறு படி, அங்கே இரண்டு பேர் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்களா? பார்த்தீர்களா? டேபிளோடா, தலை மட்டுமா? டேபிளோடு. சரி. புதுசா, பழசா? கவனிக்கவில்லை. பரவாயில்லை. எனக்கு என்ன வந்தது, சும்மா கேட்டேன்.

இந்த பல்பை ஏன் இவ்வளவு கீழே தொங்கவிட்டிருக்கிறேன் என்று பார்க்கிறீர்களா? வெளிச்சத்துக்கு இல்லை சார். கைக்கு. குண்டு பல்பு இப்போது எங்கே கிடைக்கிறது, தேடித்தான் வாங்க வேண்டும். பத்துத் தையல் போட்டுவிட்டு விரலை இப்படி அதன் மேல் வைத்துக்கொள்வேன். ஊசி பிடிக்கிற விரல் மரத்துப்போனால் எது விரல், எது துணி என்று தெரியாது. போன வாரம் ஒரு பாவாடையோடு என் நகத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பாவாடைக்காரி கத்தினாள். எனக்கு வலிக்கவே இல்லை.

ஸ்வெட்டர் இரண்டு போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நேற்றைய பேப்பர். குனிந்தால் சரசரவென்று சத்தம் வரும், கண்டுகொள்ளாதீர்கள். இந்த முக்காலிதான் சில்லென்று இருக்கிறது. என் மெத்தை, உட்காருகிற சின்னப் பஞ்சு மெத்தை, இருபது வருஷமாக நான் உட்கார்ந்து என் உருவத்துக்கே ஆகிப்போனது, அதை இன்று காலையில் என் மனைவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். துவைக்க வேண்டுமாம். இந்தக் குளிரில் யாராவது பஞ்சு மெத்தையைத் துவைப்பார்களா? காய எத்தனை நாள் ஆகும்? கேட்டால், "ஏங்க, ஒரு நாள் வெறும் முக்காலில உக்காந்தா என்ன, பிஞ்சு போயிடுவீங்களா?" என்கிறாள். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. அவள் எப்போதுமே அந்தப் பக்கம்தான் சார். தம்பி பக்கம்.

தம்பி என்றால் அவளுடைய தம்பி. என் மச்சினன். டோமினிக் என்று பெயர். என் பெயர் சவரிமுத்து. போர்டில் எழுதியிருந்தது, பெயின்ட் உரிந்துவிட்டது. நாங்கள் திண்டுக்கல் பக்கம். நான் நாலாவதோடு சரி. ஒரு டெய்லர் பின்னால் இந்த மலைக்கு வந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. கல்யாணம் பண்ணி நாலைந்து வருஷம் கழித்து ஃபிலோமினா சொன்னாள், தம்பி ஊரில் சும்மா இருக்கிறான் என்று. கூப்பிட்டேன். வந்தான். ஏற்கெனவே கொஞ்சம் மெஷின் மிதிக்கத் தெரியும். சொந்த மெஷினோடு வந்தான். இந்த அறையில் இரண்டு மெஷின் போட்டோம். என்னுடையது அதோ அந்தச் சுவர் ஓரம். அவனுடையது வாசல் ஓரம், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அங்கே.

கால் குளிர்கிறதா? குளிரத்தான் செய்யும். கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. அங்கே உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரி. உஸ்மான் பாயுடையது. விறகு அடுப்பு. விடியும் முன்னே மூட்டினால் சாயங்காலம் வரைக்கும் வர்க்கி வெந்துகொண்டே இருக்கும். அடுப்பின் முதுகும் என் சுவரும் ஒன்றுதான். வெளியே உறைபனி விழுந்து குழாயில் தண்ணீர் கட்டியாகி நிற்கும், நான் இங்கே முதுகைச் சுவருக்குக் கொடுத்து ஒற்றைச் சட்டையோடு தைத்துக்கொண்டிருப்பேன். மெஷின் எண்ணெய் குளிரில் தடித்துப்போகும் பாருங்கள், அதற்காகக் குப்பியைச் சுவரோடு சேர்த்து வைத்திருப்பேன். தண்ணீர் மாதிரி ஓடும். வெந்த மாவு வாசம் வேறு. அப்படி ஒரு சுவர்.

மூத்தவன் நான். கடை என் பெயரில். அங்கே நான்தானே உட்கார வேண்டும்? அதுவும் இல்லாமல் சுவர் ஓரத்தில் வெளிச்சம் குறைவு. சின்னப் பயல், கண் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் அவனை வாசலில் உட்கார வைத்தேன். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அவனுக்கு இப்போது ஐம்பது இருக்கும்.

கல்நெஞ்சக்காரன் இல்லை சார் நான். காலையில் காஜா எடுக்க, பட்டன் ஓட்டைதான், இடத்தை விட்டு எழுந்திருப்பேன் இல்லையா, அந்த நேரத்தில் அவன் வந்து சுவரில் கை வைத்துக்கொள்ளலாம். நானே சொல்லியிருக்கிறேன், "மாப்ளே, வா, கையை வெச்சுக்கோ" என்று. ஐந்து காஜா எடுக்கிற வரைக்கும். சில நாள் ஆறு. வேறு யார் விடுவார்கள்? இஸ்திரி போட்டு முடித்த பிறகு கரிப்பெட்டியை அவன்தான் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்வான். என் பெட்டி, என் கரி. ஒரு வார்த்தை சொன்னதில்லை. கரியைச் சீக்கிரம் அணையவிடாதே என்பேன், அவ்வளவுதான்.

பதினெட்டு வருஷம் அப்படிப் போனது. ஒரு குறை சொன்னதில்லை அவன். குறை சொல்லாதவனைத்தான் சார் நம்பக் கூடாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பனி விழுந்ததே, உருளைக்கிழங்குச் செடியெல்லாம் ஒரே நாளில் கருகிப்போனதே, நீங்கள் திருச்சிக்காரர், உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது. அந்த வருஷம்தான். ஒரு பள்ளிக்கூடத்துக் கோட்டு எக்கச்சக்கமாக வந்திருந்தது. கனமான கம்பளித் துணி. டோமினிக் கை வீங்கிப்போனது. விரலெல்லாம் கத்தரிக்காய் நிறம். கத்தரியின் வளையத்துக்குள் கட்டை விரல் நுழையவில்லை. இரும்பு சில்லென்று ஒட்டுகிறது என்று கத்தரிக் கைப்பிடியில் துணி சுற்றி வைத்திருந்தான். நான் சொன்னேன், "துணி சுத்தின கத்தரி கோணலா ஓடும் மாப்ளே." அவன், "கோணலா ஓடினா நான் நிமுத்திக்கிறேன் மாமா" என்றான். வாய் மட்டும் குறையாது.

அப்புறம் ஒரு வேலை செய்தான் பாருங்கள். கோட்டு வெட்டிய துண்டுக் கம்பளியெல்லாம் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு காலும் ஒன்றாக நுழைகிற மாதிரி ஒரு பை தைத்தான். முழங்கால் வரைக்கும் வரும். பைக்குள் காலைவிட்டு, பையோடு சேர்த்து மெஷினை மிதிக்கிறான்! இரண்டு காலும் ஒன்றாக மேலே போகிறது, ஒன்றாகக் கீழே வருகிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன மாப்ளே, சாக்குப் பந்தயம் ஓடப் போறியா? முதல் பரிசு என்ன, சோப்பு டப்பாவா?" என்று கேட்டேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவசரமாக யாரோ கூப்பிட்டு எழுந்தவன் பை தடுக்கி விழப் போனான். அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்தேன்.

இதுவா? நான் காலில் போட்டிருக்கிற இந்தப் பை வேறு. இது ஃபிலோமினா தைத்துக் கொடுத்தது. அப்படித்தான் சொன்னாள். வாயோரம் நாடா வைத்து உள்மடிப்பு மடித்திருக்கிறது பாருங்கள், பஞ்சு நகராமல் கட்டம் கட்டமாக ஓட்டியிருக்கிறது. நல்ல வேலை. அவளுக்கு பட்டன் வைக்கவே வராது. அதைப் பற்றி நான் எதற்கு யோசிக்க வேண்டும்? மனைவி கொடுத்தாள், போட்டுக்கொண்டேன்.

எங்கே விட்டேன்? கை வீங்கியது. ஒரு நாள் மத்தியானம், ஃபிலோமினா சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள், அளவு கொடுக்க வந்த பெண்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். அப்போது பார்த்துக் கேட்கிறான்.

"மாமா, ஒரு பத்து நாள். கை ஆறுற வரைக்கும். இடம் மாத்திக்குவமா?"

நான் என்ன சொல்வேன்? "மெஷினைப் பேத்து நகத்தினா ஆட்டம் காணும் மாப்ளே" என்றேன்.

"மெஷினை நகத்த வேணாம் மாமா. உங்க மெஷின்ல நான் உக்கார்றேன். என் மெஷின்ல நீங்க உக்காருங்க."

இது நியாயமா சார்? ஒருத்தன் மிதித்த மெஷினை இன்னொருத்தன் மிதித்தால் அதன் போக்கே மாறிவிடும். எந்த டெய்லரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். செருப்பு மாதிரி அது. அதைச் சொன்னேன். அவன் விடவில்லை. "பத்து நாள்தான் மாமா, மெஷினுக்கு மறந்தா போயிடும்?" என்றான். அந்தப் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஃபிலோமினா டப்பாவைத் திறக்காமல் என்னையே பார்க்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"குளிர் தாங்காதவன் எதுக்குடா மலை ஏறினே? கீழே போ!" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. கீழே போ. மலையில் இருக்கிறவர்கள் சொல்கிற வார்த்தைதான். மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம் எல்லாமே எங்களுக்குக் கீழேதான். கோபத்தில் யாரும் சொல்லாததையா சொல்லிவிட்டேன்?

அவன் கையில் இருந்த கோட்டுக் கையை முடித்தான். நூலைப் பல்லால் கடித்தான், கத்தரி பிடிக்க முடியாதே. மடித்து வைத்தான். மெஷின் மேல் துணியைப் போர்த்தினான். "சரி மாமா" என்றான். போய்விட்டான்.

மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், அந்த மூலை காலி. தரையில் மெஷின் கால் நாலும் இருந்த இடம் மட்டும் வட்ட வட்டமாக. நான் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எதற்கா? மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறானே, அதைக் கேட்கத்தான். மெஷின் அவனுடையதுதான். இருந்தாலும். கோயம்புத்தூர் பஸ், திண்டுக்கல் பஸ், ஈரோடு பஸ், ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தேன். கண்டக்டர் திட்டினான். பத்து மணி வரைக்கும் நின்றேன். குல்லா போட மறந்துவிட்டேன், காது இரண்டும் போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த இடது காது கொஞ்சம் மந்தம்தான்.

திரும்பி வருகிறேன், பேக்கரியைத் தாண்டும்போது சத்தம் கேட்கிறது. அவன் மெஷின். எனக்குத் தெரியாதா? நாலு மிதிக்கு ஒரு தரம் டக்கென்று ஒரு சத்தம் போடும் அது. பதினெட்டு வருஷம் அந்த டக்கைக் கேட்டிருக்கிறேன். சத்தம் கீழேயிருந்து வருகிறது. பேக்கரிக்கு அந்தப் பக்கம் பாயின் விறகு ரூம். படி இறங்கிப் போக வேண்டும். நான் மேல்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். விறகையெல்லாம் ஒரு பக்கம் அடுக்கிவிட்டு, மெஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். காலில் அந்தப் பை.

"என்னடா இது?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "நீங்கதானே மாமா கீழே போகச் சொன்னீங்க. ஆறு படி கீழே வந்திருக்கேன்" என்றான்.

பேக்கரிக்காரன்கள் மாவுக் கையோடு வெளியே வந்து சிரித்தான்கள். ஒரு வாரத்தில் பஜார் முழுவதும் அதுதான் பேச்சு. கடைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆறுபடி டெய்லர். யாரோ ஒருத்தன் போர்டே எழுதி மாட்டிவிட்டான். நீங்கள் பார்த்திருப்பீர்களே வரும்போது, பச்சை எழுத்து. என் வாயில் இருந்து வந்த வார்த்தை சார் அது. அதை எடுத்து அவன் போர்டு போட்டுக்கொண்டான்.

அது கூடப் பரவாயில்லை. இனிமேல் சொல்லப் போவதுதான் துரோகம்.

அந்த விறகு ரூம் இருக்கிறதே, அது அப்போது இதைவிடக் குளிர். அடுப்பு இந்தப் பக்கச் சுவரில் அல்லவா இருந்தது? அந்தப் பக்கம் வெறும் கல்லும் ஈரமும். அங்கே போய் எவனாவது உட்காருவானா? கை வீங்கினவன்? யோசித்துப் பாருங்கள். அவனுக்கு முன்கூட்டியே ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்கு அப்போது புரியவில்லை. மார்ச் மாதம்தான் புரிந்தது.

மார்ச்சில், சீசனுக்கு முன்னால், உஸ்மான் பாய் அடுப்பை இடித்தார். இடித்து, அந்தப் பக்கச் சுவரில் கட்டினார். விறகு ரூம் பக்கம். ஒரு வாரத்தில் என் சுவர் செத்துப்போனது சார். கை வைத்துப் பார்த்தேன். காலையில் வைத்தேன், மத்தியானம் வைத்தேன். செத்த மாட்டின் வயிற்றைத் தொட்ட மாதிரி. ஒரு மனிதன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவான், கத்தரியைத் தூக்கிக்கொண்டு போவான். சுவரைத் தூக்கிக்கொண்டு போனவனைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் சூட்டை மட்டும் உருவிக்கொண்டு, கல்லை எனக்கு விட்டுவிட்டு?

பாயிடம் போய்க் கேட்டேன். "என்ன பாய், என் மச்சினன் காதுல ஓதினானா?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "டெய்லரே, அடுப்பைத் தள்ளிக் கட்டுன்னு என் கடை முன்னாடி நின்னு கத்தினது யாரு? உங்க மச்சினனா?" என்றார்.

அது வேறு விஷயம் சார். அதை இதோடு கலக்கக் கூடாது. பிப்ரவரியில் ஒரு கல்யாணக் கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை. சாட்டின் துணி. மூன்று நாள் வேலை. சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் முதுகுப் பக்கம் முழுவதும் கரிக்கோடு. சுவரில் வெடிப்பு விழுந்து புகை வந்திருக்கிறது. பெண்ணின் அம்மா வந்து நின்று அழுகிறாள். யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். போய்க் கத்தினேன். "இது என்ன சுவரா, சல்லடையா? உன் அடுப்பைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுக்கோ பாய், என் பக்கம் வேணாம்!" என்று சொன்னேன். கோபத்தில் சொன்னது. கோபத்தில் சொன்னதையெல்லாம் மனிதன் செய்துவிடுவானா?

வெடிப்பு எப்படி வந்ததா? பழைய கட்டடம் சார். பாய் அதற்கும் என்னைத்தான் சொல்கிறார். "சுவத்தைச் சுரண்டினது யாருங்க? ஒத்தைச் செங்கல்தான் மிச்சம் இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா என் வர்க்கித் தட்டு உங்க மடியில வந்து விழுந்திருக்கும்" என்றார். நான் என்ன அவர் சுவரையா இடித்தேன்? வருஷா வருஷம் பனிக்கு முன்னால் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிவிடுவேன், அவ்வளவுதான். உடைந்த கத்தரியில் ஒரு பாதி வைத்திருந்தேன் அதற்கென்றே. பூச்சு தடியாக இருந்தால் சூடு இந்தப் பக்கம் வராது. முதல் வருஷம் பூச்சு. அப்புறம் கொஞ்சம் செங்கல். என் முதுகு படுகிற அளவுக்கு மட்டும். டோமினிக் கூட ஒரு தரம் சொன்னான், "போதும் மாமா, தாங்காது" என்று. அவன் கண் அப்போதே அந்தச் சுவர் மேல் இருந்திருக்கிறது பாருங்கள்.

ஊசியில் நூல் கோத்துத் தருகிறீர்களா? விரல் மரத்துவிட்டது. நன்றி. படித்தவர் கை.

ஆறு வருஷம் ஆகிறது. நான் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. வர்க்கி வேண்டுமென்றால் மார்க்கெட்டுக்குப் போய் வேறு கடையில் வாங்குகிறேன். ஃபிலோமினா தினம் சாப்பாடு கொண்டுவருகிறாள் இல்லையா, முதலில் ஆறு படி இறங்கி அவனுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டுத்தான் இங்கே வருவாள். என் டப்பாவை அங்கே சூட்டுச் சுவரில் வைத்துச் சுட வைத்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். வீட்டிலிருந்து நடந்து வருகிற சாப்பாடு ஆவி பறக்குமா? நான் எதுவும் கேட்பதில்லை. சாப்பாட்டின் மேல் எனக்கு என்ன கோபம்?

சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துகொண்டு சொல்வாள். "அவன் இன்னும் வாசல்லதான் மெஷினைப் போட்டு உக்காந்திருக்கான். சுவர் ஓரம் காலியா கிடக்கு. ஒரு முக்காலியப் போட்டு வெச்சிருக்கான். யாரையும் உக்கார விடறதில்ல."

"எதுக்கு?" என்பேன்.

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? மாமா வருவாருன்னுதான்."

பார்த்தீர்களா விஷத்தை? சூடான இடத்தை விட்டுவிட்டு, வாசலில் குளிரில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுவதற்காக ஒரு முக்காலி. "அது யாருக்கு டோமினிக்?" என்று கேட்பார்கள். "அது எங்க மாமாவுக்கு" என்பான். உடனே கேட்டவன் என்ன நினைப்பான்? என்னைப் பற்றித்தானே கேவலமாக நினைப்பான்? ஆறு வருஷமாக ஒரு காலி முக்காலியை வைத்து என்னை ஊருக்கு முன்னால் கெட்டவனாக்கிக்கொண்டிருக்கிறான். அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் என் ஸ்வெட்டர் கையைப் பிடித்து, உள்ளே இருந்த பேப்பரை ஒரு அழுத்து அழுத்தி, "உங்களுக்குக் குளிரலையா?" என்று கேட்டாள்.

"எனக்கா? எனக்கு என்ன குளிர்?" என்றேன்.

போன வாரம் என்ன ஆனது என்றால், சாப்பாடு வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். அவனுக்கு வேலை குவிந்து கிடக்கிறதாம். இந்தக் கால் பை மட்டும் மலை முழுக்க வாங்குகிறார்களாம். பெரியவர்கள், கோயில் வாசலில் உட்காருகிறவர்கள், டிக்கெட் கிழிக்கிறவர்கள், எல்லாரும். சாக்குப் பந்தயம்! இன்னொரு ஆள் இல்லாமல் முடியாதாம். "கடைசியா ஒரு தடவை மாமாகிட்ட கேட்டுப் பாரு அக்கான்னான். நீங்க வந்தா சரி. இல்லேன்னா வேற ஆளைப் பாக்கணும். என்ன சொல்லட்டும்?"

நான் நிமிரவே இல்லை. "யாரை வேணா உக்கார வெச்சுக்கச் சொல்லு. எனக்கென்ன?" என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டேன். அவள் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாள். "அதுவும் இல்லாம, என் மெஷினை அந்தப் படியில இறக்க முடியாது. ஆட்டம் காணும்" என்றேன். சும்மா, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது. அவள் திரும்பி நின்று என்னைப் பார்த்தாள். "ஓஹோ. மெஷின்தான் பிரச்சினையா?" என்றாள். போய்விட்டாள்.

அவ்வளவுதான் பேச்சு. இன்று காலையில் கதவிடுக்கில் பார்க்கிறேன், ஒரு மெஷின் இறங்குகிற மாதிரி இருக்கிறது. வேறு ஆளுக்கு. ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. ஆறு வருஷம் காலியாக வைத்திருந்தவன், இன்னும் ஒரு வருஷம் வைத்திருக்கக் கூடாதா? இதுதான் சார் துரோகம். சுவரை எடுத்துக்கொண்டு போனதைக் கூட நான் மன்னித்திருப்பேன். மன்னித்திருக்க மாட்டேன், ஆனாலும் ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நாளைக்கு எவனோ ஒருத்தன், பனியைப் பார்க்காதவன், என் முக்காலியில் முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருவான். என் எண்ணெய்க் குப்பி இருக்க வேண்டிய இடத்தில் அவன் குப்பி இருக்கும்.

காலையிலிருந்து அந்த டக் சத்தமும் கேட்கவில்லை. வேலை செய்யாமல் என்ன செய்கிறான்? புது ஆளுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறானோ என்னவோ. ஃபிலோமினாவும் மெத்தையை எடுத்துக்கொண்டு போனவள்தான், ஆளைக் காணோம். வீட்டுக்குப் போனாளா, தம்பிக்குக் கூட மாட ஒத்தாசை செய்யப் போனாளா, யாருக்குத் தெரியும்? இங்கே ஒருத்தன் வெறும் முக்காலியில் உட்கார்ந்து விறைத்துக்கொண்டிருக்கிறானே என்று ஒருத்தருக்கும் இல்லை.

இந்தாருங்கள், முடிந்தது. போட்டுப் பாருங்கள். மேலே இழுங்கள். வழுக்கிக்கொண்டு போகிறதா? இன்னும் பத்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கோட்டை ஆணியிலேயே மாட்டிவிடுங்கள்.

நேரம் இருக்கிறது உங்களுக்கு, பன்னிரண்டு கூட ஆகவில்லை. மலைக்கு வந்துவிட்டு வர்க்கி வாங்காமல் போனால் வீட்டில் என்ன சொல்வார்கள்? உஸ்மான் பாய் கடையிலேயே வாங்குங்கள். நான் வாங்குவதில்லை என்பதற்காக நல்ல சரக்கை நல்ல சரக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். வாங்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழிதானே, அந்த ஆறு படியில் இறங்கினால் குறுக்கு வழி. இறங்கும்போது இடது கைப்பக்கம் அந்தக் கடை. கதவு திறந்துதான் இருக்கும். ஜிப்பைக் காட்டுகிற மாதிரி, பட்டன் கேட்கிற மாதிரி, என்னவோ ஒரு மாதிரி எட்டிப் பாருங்கள். சுவர் ஓரத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம். என் பெயரே வர வேண்டாம்.

திரும்பி மேலே ஏறி வரச் சொல்லவில்லை, பஸ் போய்விடும். படி முடிகிற இடத்தில் ஒரு கரண்டுக் கம்பம் நிற்கிறது. இங்கே கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் எனக்கு அந்தக் கம்பம் தெரியும். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்றால், அங்கே நின்று ஒரு தரம் கையை ஆட்டிவிட்டுப் போங்கள். ஆள் இருந்தால் ஆட்ட வேண்டாம். நீங்கள் பாட்டுக்குப் போய்விடுங்கள். நான் ஒன்றும் பார்த்துக்கொண்டு நிற்கப் போவதில்லை, எனக்கு வேலை கிடக்கிறது.

கதவைச் சாத்தாதீர்கள். அப்படியே திறந்து இருக்கட்டும்.